'எனக்கு வேண்டாம்': மாயா வரலாற்றில் அரசனும் அம்மிக்கல்லும்

1562 ஜூலை 12ஆம் நாள், யுகாட்டான் தீபகற்பத்தில் மானி என்ற ஊரில், தியேகோ தெ லாந்தா என்கிற பிரான்சிஸ்கன் பாதிரியார் மாயா மக்களின் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார். சிலைகளும் கூடவே எரிந்தன. அதற்கு முந்தைய வாரங்களில் 'விக்கிரக வழிபாடு' செய்தவர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்க ஊர் ஊராக விசாரணை நடந்தது. மணிக்கட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டு அடித்து வாங்கிய ஒப்புதல்கள்தாம் சாட்சியம். அடியில் செத்தவர்கள் உண்டு. அடிக்குப் பயந்து தூக்குப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. இதே லாந்தாதான், ஸ்பெயினுக்குத் திரும்பித் தன் செயலுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்த காலத்தில், சுமார் 1566இல், யுகாட்டான் நாட்டு விவரங்கள் பற்றி ஒரு பெரிய பிரதியை எழுதினார். வீடு எப்படிக் கட்டுவார்கள், கல்யாணம் எப்படி நடக்கும், பெண்கள் மக்காச்சோளத்தை எப்படி ஊறவைத்து அரைப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. மாயா அன்றாட வாழ்வு பற்றி எழுதப்போகும் எவரும் அந்தப் பிரதியைத் தொடாமல் நகர முடியாது. எரித்தவரே ஆவணக்காப்பாளர்.

அந்தப் பிரதியில் ஒரு பக்கம் உண்டு. மாயா எழுத்து தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, ஸ்பானிய அகரவரிசையைத் தான் சொல்லச் சொல்ல அதற்கு 'இணையான' மாயா எழுத்தை எழுதச் சொல்கிறார் லாந்தா. மாயா எழுத்தோ அகரவரிசையே அல்ல. அசைகளுக்கும் முழுச் சொற்களுக்குமான குறிகள் கலந்தது. பாதிரியார் ஒரு எழுத்தின் பெயரை 'பே' என்று உச்சரித்தால் எதிரில் இருப்பவர் 'பே' என்ற ஒலிக்குரிய குறியை வரைந்துவைக்கிறார். 'பே' என்றால் மாயாவில் பாதை; குறி ஒரு காலடித் தடம். இப்படிக் கேட்பவர் ஒன்று கேட்க எழுதுபவர் ஒன்று எழுத, கடைசியில் ஏதாவது ஒரு வாக்கியம் எழுது என்கிறார் பாதிரியார். அந்த மனிதர் எழுதியது: 'மா இன் காதி'. 'எனக்கு வேண்டாம்' என்று அர்த்தம்.

சலிப்பா, குறும்பா, எதிர்ப்பா? மூன்றும் கலந்ததாகவும் இருக்கலாம். லாந்தா அதைத் தன் பிரதிக்குள்ளேயே பத்திரப்படுத்தி வைத்துவிட்டார். அதிகாரத்தின் பிரதிகளுக்குள் அடக்கப்பட்டவர்களின் குரலை எதிர்வாசிப்பின் வழியாகத் தேட வேண்டும் என்று 1980களில் ரணஜித் குகாவும் அவரது தோழர்களும் சொன்னதற்கு இதைவிடக் கச்சிதமான ஓர் உதாரணம் கிடைக்குமா? அவசரப்பட வேண்டாம். 'வேண்டாம்' என்று எழுதிய அந்தக் கை யாருடையது? மாயா சமூகத்தில் எழுத்தறிவு மேட்டுக்குடிச் சொத்து. எழுத்தர்கள் அரச குலத்தோடு ஒட்டி உறவாடியவர்கள். லாந்தாவுக்குத் தகவல் சொன்னவர்களும் பிரபு வம்சத்தினரே. பாதிரியாருக்கு முன்னால் அடக்கப்பட்டவராக உட்கார்ந்திருந்தவர், தன் ஊர்ச் சோளக்கொல்லைக்காரனுக்கு முன்னால் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். குரல் கிடைத்துவிட்டது என்று நாம் துள்ளும்போதெல்லாம் குரலற்றவர் இன்னும் ஓர் அடுக்கு கீழே போய்விடுகிறார்.

இந்தக் கட்டுரையின் அக்கறை அந்தக் கீழடுக்குதான்.

*

மாயா எழுத்து வாசிக்கப்பட்ட கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். அதுவும் ஒரு பனிப்போர்க் கதை. எரிக்கப்பட்டது போக ஐரோப்பாவில் மூன்று, மெக்சிகோவில் ஒன்று என நான்கு மாயா ஏடுகளே இன்றைக்கு மிஞ்சியிருக்கின்றன. நான்காவது ஏடு போலி என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; 2018இல்தான் மெக்சிகோ அரசின் ஆய்வு நிறுவனம் அது அசல் என்று அறிவித்தது. இவை தவிர கல்வெட்டுகள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்துறையின் பெரிய துரை எரிக் தாம்ப்ஸன். மாயா எழுத்தில் ஒலி என்பதே கிடையாது, அவை காலத்தையும் கோள்களையும் தியானித்த சாந்த சொரூபிகளான பூசாரிகளின் குறிகள், நகரங்கள் என்று சொல்லப்படுபவை ஆள் குடியிராத சடங்கு மையங்கள் என்பது அவரது தீர்ப்பு. 1952இல் லெனின்கிராடில் உட்கார்ந்துகொண்டு யூரி நொரோசோவ் என்ற முப்பது வயது இளைஞர், லாந்தாவின் அந்த 'அகரவரிசை'ப் பக்கமே சாவி, இவை அசையெழுத்துகள் என்று கட்டுரை எழுதினார். தாம்ப்ஸன் அதை மார்க்சியப் பிரச்சாரம் என்று தள்ளிவிட்டார். தாம்ப்ஸன் 1975இல் இறக்கும்வரை நொரோசோவின் பெயரைச் சொல்லவே பலர் தயங்கினார்கள். மாயா நாட்டைக் கண்ணால் பார்க்கவே நொரோசோவுக்கு முதுமை வர வேண்டியிருந்தது. (நமக்கும் இந்த மனிதரோடு ஒரு தொடர்பு உண்டு. 1960களில் கணிப்பொறி கொண்டு சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்து, அதன் மொழி தொல்திராவிடமாக இருக்கக்கூடும் என்று சொன்ன சோவியத் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இவரே.)

நொரோசோவ் ஒலியைத் திறந்தார் என்றால் வரலாற்றைத் திறந்தவர் தாத்தியானா புரோஸ்கூரியாகோஃப். பியத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊரின் கல்வெட்டுத் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்து, இவை தெய்வங்களின் காலம் அல்ல, மனிதர்களின் ஆயுள், பிறப்பும் பட்டமேற்பும் என்று 1960இல் நிறுவினார். அதன்பின் கல்வெட்டு பேசத் தொடங்கியது. பேசியது அத்தனையும் ராஜா வீட்டுப் பேச்சு. இன்ன நாளில் இன்னார் பிறந்தார், அரியணை ஏறினார், இன்ன ஊர் அரசனைச் சிறைபிடித்தார், நாக்கில் முள் கயிறு இழுத்து ரத்தம் சிந்தினார். 1986இல் வெளியான புகழ்பெற்ற கண்காட்சி நூல் ஒன்று தன் தலைப்பிலேயே அரசர்களின் ரத்தத்தை ஏந்திக்கொண்டது. சாந்தமான பூசாரி போய் ரத்தவெறி பிடித்த ராஜா வந்தார். 2006இல் மெல் கிப்ஸன் எடுத்த 'அபோகலிப்டோ' படத்தில் தலைகள் உருண்டதைப் பார்த்திருப்பீர்கள். எது எப்படியோ, சொல்லாடலின் மையம் அசையவே இல்லை. முதலில் கோபுரத்தின் உச்சியில் நின்று நட்சத்திரம் பார்த்தார்கள். பிறகு அதே உச்சியில் நின்று நெஞ்சைப் பிளந்தார்கள். கோபுரத்துக்குக் கல் சுமந்தவர் இரண்டு கதையிலும் இல்லை.

தோண்டியவர்கள் யார், தோண்டப் பணம் கொடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். சிச்சென் இட்சாவில் கார்னகி நிறுவனத்தின் அகழ்வை நடத்திய சில்வேனஸ் மார்லி, முதல் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படைக்கு உளவு பார்த்தவர். மானிடவியலாளர்கள் உளவாளிகளாக இருப்பதைக் கண்டித்து 1919இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் ஃபிரான்ஸ் போவாஸ். அமெரிக்க மானிடவியல் சங்கம் கண்டித்ததோ போவாஸை. குவாதமாலாவின் சக்குலேவு என்ற இடிபாட்டை 1940களில் தோண்டிச் சாந்து பூசிப் பளபளப்பாக்கிக் கொடுத்தது யுனைட்டட் ஃப்ரூட் என்ற வாழைப்பழக் கம்பெனி. அதே கம்பெனியின் தரிசு நிலங்களை எடுத்து விவசாயிகளுக்குக் கொடுக்கத் துணிந்த அர்பென்ஸ் அரசை 1954இல் சி.ஐ.ஏ. கவிழ்த்தது. இறந்த மாயாவுக்குச் சாந்து. உயிரோடிருக்கிற மாயாவுக்கு நிலம் கிடையாது.

நம் ஊர் விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லித் தீர்த்துவிடலாம். 'மாயன்' என்று தமிழில் எழுதிய உடனே எங்கிருந்தோ 'மயன்' கிளம்பி வந்துவிடுகிறான். சிற்ப சாஸ்திரத்து மயன் கடல் கடந்துபோய் அங்கே கோபுரம் கட்டினான், ஆகவே மாயாக்கள் நம்மவர்கள் என்று மேடை போட்டுச் சொல்கிறார்கள். 'மாயா' என்பது அந்த மக்கள் எல்லோரும் தங்களுக்கு வைத்துக்கொண்ட பொதுப்பெயரே அல்ல. யுகாட்டான் பக்கத்துப் பெயரை வந்தவர்கள் எல்லார் தலையிலும் ஏற்றினார்கள், அவ்வளவுதான். ஒலி ஒற்றுமையை வைத்து வரலாறு எழுதுவதென்றால் எதையும் எழுதலாம். சொல்ல வேண்டியது வேறொன்று. உள்ளூர்க்காரனால் இதைக் கட்டியிருக்க முடியாது என்பதே காலனியத்தின் பழைய பாட்டு. இஸ்ரேலின் தொலைந்துபோன குலங்கள் கட்டின என்றார்கள், எகிப்தியர் என்றார்கள், கோப்பான் ஊரின் கல்தூண் ஒன்றில் இருக்கிற கிளியின் வளைந்த அலகைப் பார்த்து இந்திய யானையின் தும்பிக்கை என்று எலியட் ஸ்மித் என்ற பேராசிரியர் 1924இல் ஒரு புத்தகமே போட்டார். அந்த வரிசையில் நாமும் போய் நிற்பதில் என்ன பெருமை இருக்கிறது? 1841இலேயே ஸ்டீஃபன்ஸ் என்ற அமெரிக்கப் பயணி, இங்கே சுற்றி வாழ்கிற இந்தியர்களின் முன்னோர்தாம் இதைக் கட்டினார்கள் என்று எழுதிவிட்டார். (அந்த ஆள் கோப்பான் இடிபாட்டை ஐம்பது டாலருக்கு விலைபேசி வாங்கியவர் என்பது தனிக்கதை.)

*

1976இல் எல் சால்வடோர் நாட்டின் சாப்போத்தித்தான் பள்ளத்தாக்கில் தானியக் கிடங்கு கட்டுவதற்காக நிலத்தைச் சமன்செய்துகொண்டிருந்த புல்டோசர் ஒன்று, சாம்பலுக்கு அடியில் ஒரு வீட்டின் களிமண் தரையை வெட்டி வெளியே கொண்டுவந்தது. பார்த்தவர்கள் ஏதோ சமீபத்திய வீடு என்று நினைத்தார்கள். அந்த அளவுக்குப் புதிதாக இருந்தது. 1978இல் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேசன் ஷீட்ஸ் அங்கே கிடைத்த கூரைப்புல்லைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பினார். ஏறத்தாழ 1400 ஆண்டு என்று பதில் வந்தது. ஹோயா தெ செரேன் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். 1980இல் உள்நாட்டுப் போர் மூண்டு அகழ்வு நின்றுபோனது. அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கி.பி. 600 வாக்கில் பக்கத்திலிருந்த லோமா கால்தேரா என்ற எரிமலை வாய் வெடித்து, அந்தக் கிராமத்தை ஐந்து மீட்டர் சாம்பலில் மூடிவிட்டது. ஜனங்கள் ஓடிவிட்டார்கள். வீடுகளுக்குள் ஒரு மனித உடல்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்தவை மற்றதெல்லாம். சோற்றுப் பருக்கை காய்ந்த வட்டில்போல, தின்று முடித்துக் கழுவாத பாத்திரங்கள். ஒரு கிண்ணத்தில் வழித்துத் தின்றவரின் விரல் தடம்கூட அப்படியே. சுருட்டிவைத்த பாய். இன்னும் விரிக்கவில்லை. வயலிலிருந்து திரும்பிவந்த கருவிகள். இதையெல்லாம் வைத்துத்தான் நேரம் அந்திக்குப் பிறகு, படுக்கைக்கு முன்பு என்று கணக்குப் போட்டார்கள். கொல்லையில் முற்றிய மக்காச்சோளத் தட்டை காய்வதற்காக ஒடித்து மடக்கிவிடப்பட்டிருந்தது. ஆகவே ஆகஸ்ட் மாத வாக்கு. ஒரு வாத்து காலில் கயிற்றோடு கட்டுண்டு கிடந்தது. கூரைப்புல்லுக்குள் எலிகள். சாம்பலுக்குள் செடி மக்கிப்போன இடத்தில் வெற்றிடம் நிற்க, அதற்குள் சாந்தை ஊற்றி வார்ப்பெடுத்தபோது செடி செடியாகத் தோட்டம் எழுந்து வந்தது.

வீடு என்றால் ஒரே கட்டடம் இல்லை. படுக்க ஒன்று, சமைக்க ஒன்று, பண்டம் வைக்க ஒன்று எனத் தனித்தனி. வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர். நிலநடுக்கம் வந்தால் ஆடும், விழாது. மாயா ராஜாக்களின் கல் மாளிகைகளுக்கு இல்லாத புத்தி இந்த மண் சுவருக்கு இருந்தது. எரிமலைக் கண்ணாடிக் கல்லில் சீவிய கத்தியலகுகளை எறவாணத்தில் செருகி வைத்திருந்தார்கள். ஏன் அங்கே? பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு தாயின் கவலை அதன் முழுத் துல்லியத்தோடு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓர் அரசனின் கவலை இப்படிக் கிடைத்ததில்லை. கல்வெட்டில் இருப்பது அவனுடைய கித்தாப்பு மட்டும்தான். கூரையிலிருந்து மிளகாய் தொங்கியது. (மிளகாயும் மரவள்ளியும் அந்தக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலேறி நம் அடுப்பங்கரைக்கு வந்தவை. செரேனில் மரவள்ளி வயல் 2007இல் கண்டறியப்பட்டது. பாத்தி உயர்த்தி, கிழங்கு பிடுங்கி, தண்டைத் துண்டு போட்டு மறுபடி நட்டு முடித்த கையோடு எரிமலை வெடித்திருக்கிறது.)

ஒவ்வொரு வீட்டிலும் வண்ணம் தீட்டிய வெளியூர்ப் பானைகளும் பச்சைக்கல் கோடரியும் இருந்தன. அதாவது இவர்கள் வறுமையில் உழன்ற அடிமைகள் இல்லை. வீட்டுக்கு வீடு கைவேலை மாறுகிறது. ஒரு வீட்டில் சுரைக்குடுக்கைக்கு வண்ணம் பூசுகிறார்கள். இன்னொரு வீட்டுக் கொல்லையில் தங்கள் தேவைக்கு மிஞ்சிய அளவில் நார்க்கற்றாழை வளர்க்கிறார்கள். இன்னொரு வீடு, அம்மிக்கல்கள் கூடுதலாக இருக்கிற வீடு, பக்கத்துச் சடங்குக் கட்டடத்தில் நடக்கும் விருந்துக்கு அரைத்துக் கொடுக்கிறது. அந்தக் கட்டடத்தில் சிவப்பு பூசிய மான் மண்டையோடு ஒன்று தலையணியாக இருந்தது. ஊருக்குப் பொதுவாக நீராவிக் குளியல் அறை. களிமண் குவிமாடம் போட்டது. குறி சொல்கிற ஒருவருக்கெனத் தனி வீடு. அங்கே கிடந்த பண்டங்களை வைத்து, அவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். 2011இல் ஊருக்குள் வரும் வெண்சாலை ஒன்றும் தோண்டியெடுக்கப்பட்டது. இதையெல்லாம் தொகுத்துப் பார்த்து ஷீட்ஸ் தம் பிற்காலக் கட்டுரைகளில், எந்த ஊரில் எந்தச் சந்தைக்குப் போவது, என்ன பயிர் வைப்பது, வீட்டை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் இந்தக் குடியானவர்களே தீர்மானித்தார்கள், மேலிருந்து கை நீளவில்லை என்று வாதிடுகிறார்.

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சுயாட்சிக் கிராமம்' என்ற சித்திரத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நாமும் ஒரு காலத்தில் தன்னிறைவுக் கிராமம் என்ற மாயையில் கிடந்தவர்கள்தாமே; அதற்குள் சேரி எங்கே என்று கேட்டபோதுதான் அது கலைந்தது. செரேனிலும் கெட்டியான மண் சுவரும் உட்காரத் திண்ணையும் கொண்ட பெரிய பொதுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. வழக்குத் தீர்த்தவர்கள் உட்கார்ந்த இடம் என்று கருதுகிறார்கள். திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், எதிரில் யார் நின்றார்கள்? கற்றாழை நார் உரித்த கை யாருடையது, விருந்தில் தலையணி போட்டு ஆடியது யார்? ராஜா இல்லை என்பதாலேயே அதிகாரம் இல்லை என்று ஆகிவிடாது. அது நுண்தளங்களில் புழங்கும், அடுப்பங்கரையிலும் புழங்கும்.

*

அடுப்பங்கரைக்கே வருவோம். மக்காச்சோளத்தை அப்படியே அரைத்துத் தின்றால் உடம்புக்கு வேண்டிய சத்து ஒன்று சேராது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டு, தோல் கழற்றி அரைத்தால் சேரும். மாயாப் பெண்களும் அவர்களுடைய அண்டைச் சமூகத்துப் பெண்களும் இதைக் கண்டுபிடித்துப் பல நூற்றாண்டுகள் கழித்தே ஸ்பானியர் வந்தார்கள். வந்தவர்கள் தானியத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதன் பலனாக இத்தாலியிலும் பிற்பாடு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளமே கதியென்று கிடந்த ஏழைகள் தோல் வெடித்துப் புத்தி பேதலித்து 'பெல்லாக்ரா' நோயில் செத்தார்கள். பெண்களின் அறிவு அறிவாகக் கணக்கில் வராதபோது என்ன நடக்கும் என்பதற்கு மருத்துவ நூல்களிலேயே சாட்சி இருக்கிறது. அதே சுண்ணாம்புதான் கோபுரங்களுக்கும் பூச்சு. கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கக் காடு காடாக விறகு வேண்டும். திக்கால் நகரின் கோபுரத்தை வாய்பிளந்து பார்க்கும் நாம், அடுப்புக்கு விறகு பொறுக்க ஒரு பெண் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்று கேட்பதில்லை.

அரைத்த மாவை என்ன செய்தார்கள்? இன்றைக்கு நாம் மெக்சிகோ என்றதும் நினைக்கிற தட்டை ரொட்டியை அல்ல. அது சுடத் தோசைக்கல் மாதிரியான ஓடு வேண்டும். செவ்வியல் கால மாயாத் தாழ்நிலத்தில் அது அரிது. மாவை உருட்டி இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்தார்கள். கல்வெட்டுகளில் வருகிற உணவுக் குறி இந்த உருண்டைதான் என்று கார்ல் டோபே 1989இல் எடுத்துக்காட்டினார். மெக்சிகோவின் கலக்முல் நகரில் 2004இல் வெளிப்பட்ட சுவரோவியங்களிலும் கூடை நிறைய இந்த உருண்டைகள் இருக்கின்றன.

அந்த ஓவியங்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ராஜா இல்லை, கைதி இல்லை, தெய்வம் இல்லை. சோளக்கஞ்சி ஊற்றுகிறவர், குடிக்கிறவர், உப்பு விற்கிறவர், புகையிலைக்காரர் என்று ஆட்களும், பக்கத்தில் 'கஞ்சிக்காரர்', 'உப்புக்காரர்' என்று எழுத்தும். மாயா எழுத்து, அதுவரை அரச நாமாவளி பாடிக்கொண்டிருந்த எழுத்து, முதல்தடவையாகச் சந்தைக்கு இறங்கி வந்ததுபோல இருக்கிறது. இந்த உப்பு எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதற்கும் தடயம் உண்டு. பெலிஸ் நாட்டுக் கடற்கரையில் பேய்ன்ஸ் கிரீக் என்ற இடத்தில் ஹெதர் மெக்கில்லாப் குழுவினர் சதுப்புநிலச் சேற்றுக்குள் மக்காமல் கிடந்த மரத்தூண்களையும், உப்புநீர் காய்ச்சிய சட்டிகளையும், 2004இல் ஒரு படகுத் துடுப்பையும் கண்டெடுத்தார்கள். உப்புக்காரருக்குப் பின்னால் அடுப்பு வெக்கையில் நின்றவர்கள் அவர்கள்.

கலக்முல் ஓவியங்களில் எல்லோரும் எடுத்துப்போடுவது ஒரே படத்தைத்தான். உடம்பு தெரியும் நீலநிற மெல்லாடை உடுத்த ஒரு பெண், பெரிய பானை ஒன்றை இன்னொரு பெண்ணின் தலையில் தூக்கிவிடுகிறாள். நீலப் பெண் முகத்தில் சித்திரம் தீட்டியிருக்கிறது, நகை இருக்கிறது. சுமக்கப் போகிறவளின் உடை சாதாரணம், முகம் மங்கல். ஓவியத்தின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் நீலத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சந்தையிலும் பானை ஒருத்தி தலைக்குத்தான் போகிறது. அன்றாட வாழ்வை வரைந்துவிட்டால் அது ஜனநாயகம் ஆகிவிடாது. திக்கால் நகரத்து எலும்புகளை அளந்த வில்லியம் ஹாவிலேண்ட் 1967இல் எழுதினார்: பெருங்கல்லறைகளில் புதைக்கப்பட்ட ஆண்கள் மற்றவர்களைவிட உயரமானவர்கள். உயரம் என்பது பால்யத்தில் கிடைத்த சோறு. கல்வெட்டில் எழுதாத வர்க்கம் எலும்பில் எழுதப்பட்டிருக்கிறது.

2018இல் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சிக் குவாதமாலாவின் வடக்குக் காட்டில் 2,144 சதுர கிலோமீட்டரை அளந்து, 60,000க்கு மேற்பட்ட கட்டுமானங்களைக் கண்டார்கள். மரக்கூட்டத்தைக் கணிப்பொறியில் உரித்துவிட்டால் வீடு, வாய்க்கால், படிக்கட்டு வயல், சாலை, அரண் எல்லாம் தெரிகிறது. செவ்வியல் காலத்தின் பிற்பகுதியில் இந்த நடுத் தாழ்நிலத்தில் எழுபது லட்சம் முதல் ஒரு கோடியே பத்து லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது கணக்கு. தாம்ப்ஸனின் ஆளில்லாச் சடங்கு மையம் இதோடு ஒழிந்தது. நல்லதுதான். ஆனால் மேலேயிருந்து பார்க்கிற கண் எப்போதும் வரி போடுகிறவன் கண். அங்கிருந்து வீடு ஒரு புள்ளி. எறவாணத்துக் கத்தி தெரியாது.

*

அப்புறம் அந்தப் பிரசித்தமான 'மறைவு'. ஒன்பதாம் நூற்றாண்டில் தெற்குத் தாழ்நிலத்து நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. கோப்பானில் கடைசி அரச நினைவுக்கல்லின் தேதி 822. ஒரு பக்கம் செதுக்கி முடித்து, அடுத்த பக்கம் தொடங்கிய நிலையில் சிற்பி எழுந்து போயிருக்கிறார். 909இல் தோனினாவில் வெட்டியதோடு நெடுங்கணக்குக் காலக்குறிப்பு நின்றுவிடுகிறது. வறட்சி என்று ஏரிச் சேற்றை வைத்து 1995இலிருந்து வலுவாக வாதிடுகிறார்கள். ஓயாத போர், காடழிப்பு, மேட்டுக்குடிப் பெருக்கம் என்றும் சொல்கிறார்கள். எல்லாமே இருந்திருக்கும். ஆனால் 'வீழ்ச்சி' என்பது யாருடைய சொல்? மழை பெய்விப்பேன் என்று சொல்லி வரியும் உழைப்பும் வாங்கிய ராஜாவால் மழை பெய்விக்க முடியவில்லை. அவனுக்குக் கல் சுமப்பதை நிறுத்திவிட்டு ஜனங்கள் நடந்தார்கள். கோப்பானில் அரண்மனை விழுந்த பிறகும் பள்ளத்தாக்கில் ஆட்கள் குடியிருந்தார்கள். வடக்கே சிச்சென் இட்சா எழுந்தது, பிறகு மாயப்பான். பெத்தேன் ஏரித் தீவில் இருந்த இட்சா அரசை ஸ்பானியர் பிடித்தது 1697இல். மறைந்தது அரச வம்சங்களும் அவற்றுக்குப் புகழ்பாடிய கல்வெட்டும். மறையாதவர்கள் இன்றைக்கும் சுமார் முப்பது மாயா மொழிகளில் பேசிக்கொண்டு பல லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

'மறைந்த நாகரிகம்' என்ற சொல்லாடல் அப்பாவித்தனமானது அல்ல. மறைந்தவர்களுக்கு நிலம் எதற்கு? 1994 ஜனவரி 1 அன்று சியாப்பாஸில் ஆயுதமேந்தி நகரங்களுக்குள் நுழைந்த ஸபட்டிஸ்டாக்களில் பெரும்பாலோர் மாயா மொழி பேசுகிற குடியானவர்கள். பலெங்கேயையும் பொனாம்பாக்கையும் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் போகிற அதே மாநிலம். 1998இல் ஹொண்டூராஸின் சோர்த்தி மக்கள் கோப்பான் இடிபாட்டு வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார்கள். தந்த வாக்குறுதிப்படி நிலம் கொடு என்பது கோரிக்கை. அரசாங்கத்தின் சுற்றுலா வருமானம் நின்றபோதுதான் மறைந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். 1987இல் குவாதமாலாவின் அன்டிகுவா நகரில் மாயா மொழியறிஞர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் லிண்டா ஷீலும் நிக்கோலாய் குரூபும் கல்வெட்டு வாசிப்பு வகுப்பு எடுத்தார்கள். லாந்தா எரித்து நானூற்றிருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, அந்த எழுத்து அதற்குரிய மொழிக்காரர்களின் நாக்குக்குத் திரும்பியது. ஷீல் யாரென்றால், அரசர்களின் ரத்தத்தைத் தலைப்பாக்கிய நூலின் ஆசிரியர்களில் ஒருவர்தான். நியாயத்தைச் சொல்லியாக வேண்டுமில்லையா.

குவாதமாலாவில் 1960இல் தொடங்கி 1996வரை நடந்த போரில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமலாக்கப்பட்டார்கள். ஐ.நா. ஆதரவில் அமைந்த உண்மை ஆணையம் 1999இல் தந்த அறிக்கைப்படி, அடையாளம் காணப்பட்ட பலியாட்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். 1990களின் தொடக்கத்திலிருந்தே அங்கே ஒரு புதிய வகைத் தொல்லியல் உருவானது. தடயவியல் மானிடவியலாளர்கள் அதே கரண்டி, அதே தூரிகை, அதே சரடு கட்டிய சதுரக் குழி கொண்டு ராணுவ முகாம்களின் பின்புறத்தையும் கிணறுகளையும் தோண்டினார்கள். செரேனில் பாயும் பாத்திரமும் கிடைத்தன, உடல் இல்லை. இங்கே உடல்கள் கிடைத்தன. மக்காமல் மிஞ்சிய நெசவுத்துணியின் நிறத்தையும் பூவேலையையும் பார்த்து, இது என் அக்கா, இது என் மகள் என்று பெண்கள் குழியோரத்தில் நின்று அடையாளம் சொன்னார்கள். அந்த நெசவுக் கோலங்கள் ஊருக்கு ஊர் வேறு.

செபூர் ஸார்கோ என்று ஒரு கிராமம். 1982இல் அங்கே நிலப்பட்டா கேட்டு மனுப்போட்ட கெக்சி மாயா ஆண்களை ராணுவம் பிடித்துப்போனது, திரும்பவில்லை. அவர்களுடைய மனைவிமார்களை முகாமுக்கு முறைவைத்து வரச்சொன்னார்கள். சிப்பாய்களுக்குத் துணி துவைக்க, மக்காச்சோள ரொட்டி சுட, வன்புணர்ச்சிக்கு. சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். பதினைந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2016 பிப்ரவரியில் குவாதமாலா நகர நீதிமன்றத்தில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கெக்சி மொழியில், மொழிபெயர்ப்பாளர் மூலம் சாட்சி சொன்னார்கள். முகாம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தோண்டியெடுத்த எலும்புகளை அட்டைப்பெட்டிகளில் கொண்டுவந்து நீதிபதிகளின் முன்னால் வரிசையாக வைத்தார்கள். அந்த மாதம் 26ஆம் தேதி ராணுவ அதிகாரி ஒருவருக்கு 120 ஆண்டும், அவரோடு நின்ற ராணுவ ஏவலாள் ஒருவருக்கு 240 ஆண்டும் தண்டனை விதிக்கப்பட்டது. முகாமில் என்ன வேலை செய்தீர்கள் என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் சொன்ன பதிலில் அடுப்பும் ரொட்டியும் இருந்தன. அது நீதிமன்றப் பதிவேட்டில் எழுத்தாக இருக்கிறது.